இரவிகுளத்துக்கு வரையாடு பார்க்கச் செல்வோர் கவனத்திற்கு

மூணாறிலிருந்து மறையூர் செல்லும் சாலையில், ஐந்தாம் மைல் என்ற இடத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இருக்கிறது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த 97 சதுர கிலோமீட்டர் மலைநிலத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது ராஜமலைச் சரிவு என்ற சிறு ஓரம் மட்டுமே. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைக் கீழிருந்து பார்க்கலாம், ஏற முடியாது. இதற்கு மனம் ஒப்பாதவர்கள் வேறு இடத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. வாயிற்காவலரிடம் வாதாடிப் பயனில்லை.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தை ஒட்டி, வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடப்படும். மூடும் நாளும் திறக்கும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுவதால், விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன் வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தாய் ஆடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். பாறைச் சரிவில் இன்னும் கால் பழகாத அந்தக் குட்டியை மிரண்டோட வைப்பது அதன் உயிருக்கே உலை வைப்பதாகும். 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தென்பட்ட 2,668 வரையாடுகளில் 841 இந்த ஒரே பூங்காவில் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், இரண்டு மாத அடைப்பு அப்படியொன்றும் பெரிய இழப்பன்று. திறந்திருக்கும் மாதங்களிலும் வார நாளின் காலைப் பொழுதையே தேர்ந்தெடுங்கள். நெரிசல் குறைவதோடு மூடுபனி ஏறுவதற்கு முன் சரிவையும் தெளிவாகப் பார்க்கலாம்.

சொந்த வாகனத்தை வாயிலிலேயே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் மேலே சென்று, அங்கிருந்து தார்ச்சாலையில் நடக்க வேண்டும். மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது இந்த நடையில்தான், ஏனெனில் ராஜமலை வரையாடு மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. நெடுங்காலமாக வேட்டை இல்லாததாலும் நாள்தோறும் ஆட்களைப் பார்ப்பதாலும் அதன் அச்சம் மழுங்கிவிட்டது. சாலையோர மதிலை ஒட்டி நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெட்டை ஆடு, நீங்கள் நெருங்கினாலும் தலை நிமிராமல் மேயக்கூடும். அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விலகி நிற்கும் பொறுப்பை அது கைவிட்டுவிட்டதால் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிறது. மேய்ச்சலை நிறுத்தி உங்களையே உற்று நோக்கினால் பின்வாங்குங்கள். சீழ்க்கை போன்ற ஒலி கேட்டால், மந்தை முழுவதற்கும் எச்சரிக்கை போய்விட்டது என்று பொருள். ஆடுகளுக்கும் மேலே உள்ள பாறைக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள், ஏனெனில் ஆபத்து நேர்ந்தால் அவை தப்பிச் செல்லும் வழி அந்தப் பாறைதான். முதுகில் வெள்ளி நிறச் சேணம் போட்டாற்போல் இருக்கும் முதிர்ந்த கிடாவைக் கண்டதும் தோளில் கை போட்டுப் படம் எடுக்கத் துடிப்பவர்களை எல்லா விடுமுறை நாளிலும் காணலாம். தொடுவதும், வாழைப்பழத் தோலோ சிப்ஸோ நீட்டுவதும் குற்றம் என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாலையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். மரமில்லாத இந்தச் சரிவு வெற்றுநிலமன்று. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக அமைந்த இந்நிலத்தில் வரையாட்டின் உணவு புல்தான். ஒருவர் குறுக்கே நடந்த தடத்தை அடுத்தவர் பின்பற்ற, பருவமழை அதை ஓடையாக அரித்துவிடும். குளிர்காலத்தில் சில சரிவுகள் கருகிக் கிடப்பதைக் கண்டு பதற வேண்டாம். கோடைத் தீ பரவாமல் தடுக்கவும் இளம்புல் துளிர்க்கவும், முதுவர் பழங்குடிக் காவலர்களின் துணையோடு வனத்துறையே திட்டமிட்டுப் பகுதி பகுதியாக எரிக்கும் இடங்கள் அவை. பயணி வீசும் சிகரெட் துண்டு இதற்கு நேர்மாறானது. அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிஞ்சியைப் பொறுத்தவரை, 2018-இல் பூத்தது இனி 2030-இல்தான் கூட்டமாகப் பூக்கும். அதுவரை ஆங்காங்கே பூக்கும் ஒற்றைச் செடியைக் கிள்ளாதிருந்தால் போதும்.

நீங்கள் செல்லும் சாலை உங்களுக்காக மட்டும் போடப்பட்டதன்று என்பதை மறந்துவிடாதீர்கள். ராஜமலைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்துக்கும், முதுவர்கள் வாழும் இடமலைக்குடிக்கும் அரிசியும் நோயாளியும் போய்வரும் வழி இதுவே. ஜீப்பின் ஒலி கேட்டதும் கூட்டமாக ஓரம் ஒதுங்குங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மண்சரிந்து தோட்டக் குடியிருப்புகள் புதையுண்டு, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேரைப் பலிகொண்ட பெட்டிமுடியும் இதே வழியில்தான் இருக்கிறது. அதைச் சுற்றுலா இடமாக்கிக் காட்டுவதாகச் சொல்லும் வண்டிக்காரரை மறுத்துவிடுங்கள். இடமலைக்குடிக்கு அனுமதியின்றி நுழைய முயல்வதும், குடிகளில் உள்ளவர்களைக் கேட்காமல் படமெடுப்பதும் வேண்டாம். பூங்காவைப் பற்றி ஏதேனும் அறிய விரும்பினால், சாலையில் பணியிலிருக்கும் முதுவர் காவலரிடம் மரியாதையாகக் கேளுங்கள்; எந்தச் சரிவில் இன்று மந்தை நிற்கிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே இல்லை.