பீரோ சாவி எங்கே இருக்கிறது? ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு குடும்பத்தின் வீட்டில், எங்கள் மேற்கு மாம்பலம் தெருவில், திருடு போனது. வாசலில் பூட்டு பூட்டியபடியே நாதாங்கியோடு பெயர்ந்து கிடந்தது. கூடத்தில் பெரிய டிவி அப்படியே இருந்தது. பீரோ மட்டும் திறந்து கிடந்தது, உடைக்கப்படாமல். அதன் சாவி பீரோவின் தலைமேல். உள் லாக்கர் சாவி புடவை மடிப்புக்கு அடியில்.

டிவியை ஏன் விட்டான்? குற்றவியல் அறிஞர் ரொனால்டு கிளார்க் 1999இல் இதற்கு விடை எழுதினார். மறைக்க முடிவது, தூக்க முடிவது, கைக்கு எட்டுவது, விலைமதிப்புள்ளது, அனுபவிக்கத் தக்கது, சுலபமாக விற்கக்கூடியது: இந்த ஆறு குணங்களும் கூடக்கூட, திருடுபோகும் வாய்ப்பும் கூடும். நம் வீடுகளில் தங்கத்துக்கு ஆறும் உண்டு. ஐந்து சவரன் சங்கிலி வெறும் 40 கிராம், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். உருக்கிவிட்டால் யாருடையது என்று சொல்ல அடையாளமே மிஞ்சாது.

ஆகவே கேமரா வாங்குவதற்கு முன் பீரோவிலிருந்து தொடங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம், வீட்டுக்குப் புதியவரைப் போலப் படுக்கையறையில் தேடுங்கள். தலையணை உறை, சுவாமி படத்தின் பின்புறம், அரிசி டப்பா என்று உங்களுக்குத் தோன்றிய மறைவிடம் அவனுக்கும் தோன்றும். வாசல் சாவியை மின்மீட்டர் பெட்டியில் வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அடுத்து, அன்றாடம் அணியாத நகைகளை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் மூன்று லட்சம். நகைக் காப்பீடு பற்றியும் விசாரியுங்கள். அப்படியிருந்தும் பீரோவைவிட லாக்கர் பல மடங்கு மேல் என்பதே என் கருத்து.

லாக்கருக்குப் போகும் முன் ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையை எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். புதிய நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் *#06# அழுத்தினால், அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும்; அதையும் குறித்து வையுங்கள். கைப்பேசி திருடுபோனால், போலீஸ் புகாருக்குப் பின் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் அந்த எண்ணை வைத்து அதை முடக்கலாம்.

வெளியே தொங்கும் பூட்டு, உள்ளே ஆளில்லை என்று தெருவுக்கே சொல்கிறது. கதவுக்குள் பதிக்கும் பூட்டைத் தச்சரிடம் சொல்லிப் போடுங்கள். நிலை உளுத்திருந்தால் எந்தப் பூட்டும் நிற்காது; அதையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடிக் கதவை மறக்க வேண்டாம்.

கிளம்பும் முன் பாலையும் நாளிதழையும் நிறுத்துங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் உங்கள் வாசலிலும் ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். போகும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்து வருபவர்கள் கவனிப்பார்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்தபின் பகிருங்கள்.

திரும்பும்போது கதவு உடைந்திருந்தால் உள்ளே நுழையாதீர்கள். ஆள் இன்னும் இருக்கக்கூடும். வெளியே நின்று 100ஐ அழையுங்கள். பதற்றத்தில் ஓடிப்போய் பீரோ கைப்பிடியைப் பிடித்தால், அவன் விட்டுச்சென்ற கைரேகை உங்கள் கையாலேயே அழிந்துபோகும்.