‘அப்ரூவல் வேண்டும்’ என்றால் ‘கிடையாது’ என்று அர்த்தமில்லை

அமெரிக்காவில் மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண் இன்ஹேலர் வாங்க வந்தார். “இன்ஷூரன்ஸ் பிரையர் ஆத்தரைசேஷன் கேட்கிறது” என்றேன். அதாவது, இந்த மருந்து ஏன் வேண்டும் என்று டாக்டர் சொல்லி இன்ஷூரன்ஸிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். “சரி, தர மாட்டார்கள் போல” என்று கிளம்பிவிட்டார். வாசல் வரை போய் நிறுத்தினேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் திரும்பிப் போனேன். மருந்து வாங்குவதில் பலர் செய்யும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

முன் அனுமதியை மறுப்பு என்று நினைப்பது

என் கணவரின் குடல் அழற்சி மருந்துக்கு இதே பதில் வந்தது. காசு மிச்சம் பிடிக்க நம் தலையில் கை வைக்கிறார்கள் என்ற கோபத்தில் மூன்று மாதம் முழு விலை கொடுத்து வாங்கினோம். இன்ஷூரன்ஸ் வழியாகப் போகாததால் அதில் ஒரு டாலர்கூட டிடக்டிபிளில், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகையில், சேரவில்லை. பிறகு டாக்டர் ஆபீஸ் நர்ஸ், ஏற்கெனவே இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்று ஒரு படிவம் அனுப்பினார். அனுமதி வந்தது. போன பணம் போனதுதான். இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியது டாக்டர் ஆபீஸ். பல நேரம் அது ஃபேக்ஸ் தட்டிலேயே கிடக்கும். நீங்களே போன் செய்து, “படிவம் வந்ததா, அனுப்பியாயிற்றா?” என்று கேளுங்கள். முதலில் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பார் என்கிற ஸ்டெப் தெரபி என்றால், ஊரில் சாப்பிட்ட மருந்தின் பழைய சீட்டையும் டாக்டரிடம் கொடுங்கள். அது காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் இருக்காது. மெடிகேர் (முக்கியமாக 65 வயதைத் தொட்டவர்களுக்கான அரசுக் காப்பீடு) பார்ட் டி என்கிற மருந்துத் திட்டங்கள் 72 மணி நேரத்துக்குள், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு.

இன்ஹேலர் கேட்டு வந்தவரை அங்கேயே போன் செய்ய வைத்தேன். அவருடைய படிவத்தை அதுவரை யாரும் தொடவே இல்லை.

ஜெனரிக் என்றால் மட்டம் என்பது

ஜெனரிக் என்பது பிராண்ட் பெயர் இல்லாமல் வரும் அதே மருந்து. அதே மூலப்பொருள், அதே வீரியம், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல். தயங்காமல் வாங்குங்கள்.

பிரீமியத்தை மட்டும் பார்ப்பது

உங்கள் மருந்து ஃபார்முலரியில் (திட்டம் ஏற்கும் மருந்துகளின் பட்டியல்) இருக்கிறதா, எந்த டியரில் (நாம் கட்டும் பங்கை முடிவு செய்யும் விலைப் படி) இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள். பட்டியல் மாறும். பார்ட் டி திட்டத்தை மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நேரம்.

மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்துவது

வேண்டவே வேண்டாம். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ரொக்க விலையைக் கேட்காமல் விடுவது

சில ஜெனரிக் மருந்துகளின் ரொக்க விலை, இன்ஷூரன்ஸ் வழியாக வாங்கும்போது நாம் கட்டும் பங்கான கோபேயைவிடக் குறைவு. அதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் வாயைக் கட்டும் ஒப்பந்தங்களை 2018-ல் வந்த சட்டங்கள் தடை செய்துவிட்டன. கேட்டால் சொல்வோம்.