பைக் வேலைக்குச் சின்ன பாட்டரி இம்பாக்ட் வாங்கப் போறீங்களா?

வீடு தேடிப் போய் ஸ்கூட்டர், பைக் சர்வீஸ் செய்கிறவன் நான். கொளத்தூர், பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் அபார்ட்மென்ட் பார்க்கிங்தான் என் பட்டறை. கம்ப்ரசரையும் ஏர் கன்னையும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, எல்லாம் முதுகுப் பையில் அடங்க வேண்டும். பாட்டரி இம்பாக்ட், அதாவது சின்னச் சின்ன அடியாக அடித்து நட்டு, போல்ட், ஸ்க்ரூவைத் திருப்பும் கை மெஷின் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான். கார் டயர் கழட்ட மெஷின் தேடுகிறவர்களுக்கு இது உதவாது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் "இம்பாக்ட் எடுடா" என்றால், சுத்தியலால் தலையில் அடிக்கிற அந்தக் கனமான இரும்பு ட்ரைவரைத்தான் கேட்பார். ஆர்எக்ஸ் 100 இன்ஜின் கவரில் இறுகிக் கிடக்கும் ஸ்டார் ஸ்க்ரூவுக்கு அதுதான் மருந்து. அடி விழும்போது நுனியில் மாட்டிய பிட் ஸ்க்ரூவுக்குள் அழுந்தும், அதே நொடியில் கொஞ்சம் திரும்பவும் செய்யும். பாட்டரி மெஷினுக்குள்ளும் ஸ்பிரிங்கோடு ஒரு சுத்தியல் உண்டு. ஆனால் அது சுற்றுகிற திசையில் மட்டும்தான் அடிக்கும், முன்பக்கமாக அடிக்காது. பிட்டை உள்ளே அழுத்திப் பிடிப்பது உங்கள் கைதான். தலை பாதி மழுங்கிய ஸ்க்ரூவில் பாட்டரி மெஷினை வைத்தால் மீதித் தலையும் போய்விடும். அதனால் அண்ணனுடைய பழைய இரும்பு இன்னும் என் பையில் இருக்கிறது. கூடவே ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) பிட் இரண்டு. ஜப்பான் டிசைன் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவில் சாதாரண பிலிப்ஸ் பிட் சரியாக உட்காராமல் ஏறி வழுக்கும்.

"ட்ரில் மெஷின் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறுகின நட்டில் ட்ரில்லை வைத்தால் நட்டுக்குப் பதிலாக மணிக்கட்டு திரும்பும். இம்பாக்ட் ஒரேயடியாக முறுக்காமல் சின்னச் சின்ன அடியாக அடிப்பதால் அந்த உதைப்பு கைக்கு அவ்வளவாக வராது.

இனி டார்க், அதாவது முறுக்கு விசை. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதும் அதுதான், நான் முதல் தடவை ஏமாந்ததும் அதில்தான். ஆன்லைனில் பெயர் தெரியாத மெஷின் ஒன்று, பாட்டரியில் 88 என்று ஸ்டிக்கர், டார்க் முந்நூறு சொச்சம். வந்த இரண்டாம் நாள் ஒரு ஆக்டிவா. பெல்ட் மாற்றிவிட்டு இடதுபக்கக் கவரை மூடுகிறேன். 8 ஸ்பேனர் போடுகிற சின்ன போல்ட், எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்). ட்ரிகரைத் தொட்டேன், ஒரே ஒரு 'டர்ர்'. போல்ட் தலை கவரில் உட்கார்ந்த பிறகும் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தால் போல்ட்டின் மரைக்குள் வெள்ளையாக அலுமினியச் சுருள். வண்டிக்காரம்மா பக்கத்தில் நின்று, "என்ன தம்பி, ஆயிடுச்சா?" என்கிறார். லேத் பட்டறையில் காயில் போட்டு மரையைச் சரி செய்த காசு என் பையிலிருந்து போனது.

அந்த எம்6 போல்ட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். எம்8 என்றால் 25 பக்கம். ஸ்கூட்டரின் கிளட்ச் நட், வேரியேட்டர் நட் பல வண்டிகளில் ஐம்பது, அறுபது, சிலவற்றில் இன்னும் அதிகம். 12 வோல்ட் சின்ன மெஷின்களே நூறைத் தொடுகின்றன: போஷ் ஜிடிஆர் 120 என்றால் 100, மக்கிடா டிடி110 என்றால் 110. மக்கிடாவின் 18 வோல்ட் டிடிடி152க்கு 165. பெட்டியில் போடுவது அதிகபட்சக் கணக்கு. நட்டு வரை போய்ச் சேருவது அதைவிடக் குறைவுதான். இருந்தும் என் வேலைக்கு 12 வோல்ட் போதும் என்பதே என் கட்சி. பாட்டரியோடு ஒரு கிலோதான் வரும், சைலன்சருக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் நுழையும். கிளட்ச் நட் பெரும்பாலான வண்டிகளில் சில நொடி கடகடவென அடித்ததும் விட்டுவிடும், ஹோல்டர் போட்டுப் பிடிக்க ஆள் தேவையில்லை. துருப்பிடித்த ஆக்சில் நட்டுக்கு நீளக் கம்பி இருக்கிறது. நாள் முழுக்க சிவிடி (ஸ்கூட்டரின் பெல்ட், வேரியேட்டர், கிளட்ச்) வேலையே பார்க்கிறவர் என்றால் 18 வோல்ட்டுக்குப் போங்கள், மறுக்கமாட்டேன்.

வோல்ட்டிலும் ஒரு விளையாட்டு உண்டு. 18, 20, 21 என்று மூன்று விதமாக எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஐந்து செல் வரிசைதான். ஒரு செல் 3.6 என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4.2 என்று கணக்கிட்டால் 21. அதேபோல 10.8ம் 12ம் மூன்று செல்தான். 48, 88, 128 என்பதெல்லாம் ஸ்டிக்கர் அச்சடித்தவனின் இஷ்டம்.

கடைக்குப் போனால் (நான் ஜி.பி. ரோட்டுக்கு ஸ்பேர் வாங்கப் போகும் சாக்கில் அப்படியே பார்த்துவிடுவேன்) டெமோ மெஷினில் பாட்டரி மாட்டித் தரச் சொல்லுங்கள். ட்ரிகரை ஆள்காட்டி விரலால் மயிரிழை அளவு அழுத்துங்கள். பிட் சோம்பலாக, எண்ணக்கூடிய வேகத்தில் சுற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதற்கேற்ற வேகம். தொட்டதும் பாய்கிற மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம், இரண்டு மூன்று வேக மோடு இருந்தால் இன்னும் நல்லது. ட்ரிகரை விட்டதும் உடனே நிற்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒரு பிட்டை மாட்டி நுனியைப் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், ஆனால் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடக்கூடாது.

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) பாட்டரியை மிச்சம் பிடிக்கும், சூடும் குறைவு. கார்பன் போட்டதன் விலை குறைவு, தேய்ந்தால் கார்பனை நாமே மாற்றிக்கொள்ளலாம். வாரத்தில் நாலு வண்டி என்றால் கார்பனே தாராளம். வெறும் மெஷினை 'சோலோ' என்று குறைந்த விலைக்குக் காட்டுவார்கள். அதே கம்பெனி பாட்டரி கையில் இல்லாவிட்டால், பாட்டரியும் சார்ஜரும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் முகம் மாறும். சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

இம்பாக்ட் ட்ரைவரின் வாய் கால் இஞ்ச் அறுகோணம். சாக்கெட் போட ஒரு சதுர அடாப்டர் வேண்டும், அதில் கொஞ்சம் சக்தி வீணாகும், நாளடைவில் அதுவே முறியவும் செய்யும். இரண்டு வாங்கி வையுங்கள். சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் வகையாக இருக்கட்டும். பளபளக்கிற குரோம் சாக்கெட் ராச்செட்டுக்கானது, இந்த அடியில் விரிசல் விட்டுத் தெறிக்கலாம்.

வேலையில் என் வழக்கம் இது. கவர் போல்ட்டாக இருந்தால் முதல் கால் சுற்றை டீ ஸ்பேனரால் இளக்கிவிட்டு மீதியை மெஷினில் உருவுவேன். திரும்பப் போடும்போது போல்ட்டை விரலால் மூன்று சுற்று ஏற்றி, மெஷினில் மெதுவாக ஓட்டி, 'டர்ர்' சத்தம் வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். இறுக்குவது கையால். கிளட்ச் நட், வேரியேட்டர் நட் இரண்டையும் இறுக்க ஹோல்டரும் டார்க் ரெஞ்சும்தான்.

மெஷினோடு இலவசமாக வரும் பிட் செட்டை வீட்டில் கொடுத்துவிட்டேன். மிக்ஸி மூடி ஸ்க்ரூவுக்கு அது போதும்.