நோஞ்சான் காபி நாற்று: எதை வைப்பது, எதைக் கழிப்பது

ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரியில் விதைத்த அரபிகா ரகக் காபி, ஏப்ரல் வாக்கில் பந்தலுக்கடியில் பைகளில் நிற்கும். அதில் ஒரு பங்கு எப்படியும் வெளிறியோ குட்டையாகவோ இருக்கும். பலரும் இலையைப் பார்த்தே கழிக்கிறார்கள். அதனால் தேறக்கூடிய மஞ்சள் நாற்று குப்பைக்குப் போகிறது. ஆணிவேர் மடங்கிய பச்சை நாற்று தோட்டத்துக்குப் போகிறது. இலையில் வரும் கோளாறு பெரும்பாலும் சரியாகும். வேரும் தண்டின் கழுத்தும் கெட்டால் சரியாகாது. பல பத்தாண்டு நிற்க வேண்டிய செடி என்பதால் இந்த வரிசையிலேயே பாருங்கள்: முதலில் வேர், அடுத்து கழுத்து, கடைசியாக இலை.

வேரைப் பார்க்க நல்ல நேரம், பாத்தியிலிருந்து பைக்கு மாற்றும் நாள். விதை முளைக்கச் சுமார் 45 நாள் ஆகும். மலைக் குளிரில் இன்னும் தள்ளும். கொட்டையைத் தலையில் தூக்கி நிற்கும் தொப்பிப் பருவத்திலோ, வித்திலை விரிந்த பட்டன் பருவத்திலோ மாற்றலாம். பிடுங்கியதும் ஆணிவேரைப் பாருங்கள். நேராக இறங்கியிருந்தால் வையுங்கள். நேராக ஆனால் நீளமாக இருந்தால் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு நடலாம். கொக்கிபோல் வளைந்ததையும், இரண்டாகப் பிரிந்ததையும், முறுக்கியதையும் அங்கேயே போட்டுவிடுங்கள். வெள்ளைவெளேரென்று முளைத்தது பச்சையம் இல்லாத நாற்று. விதையில் இருக்கும் சத்து தீர்ந்ததும் செத்துவிடும். தொப்பி கழலாமல் சிக்கி நிற்பதைக் கழிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் தானே விழும். கையால் உரித்தால் வித்திலை கிழியும்.

நேரான வேரையும் நடுகிற கைதான் பல நேரம் மடக்கிவிடுகிறது. குச்சியால் போட்ட குழி ஆழம் பத்தாவிட்டால் வேர் நுனி மேலே திரும்பிக்கொள்ளும். வேரைவிட ஆழமாகக் குழி போட்டு, நாற்றைச் சற்று அதிகம் இறக்கி, லேசாக மேலே இழுத்துப் பிறகு மண்ணை அணையுங்கள். எந்த வரிசையை யார், எந்த நாளில் நட்டார்கள் என்று குறித்து வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்து வரிசைக்கு 5 பை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இரண்டில் வேர் மடங்கியிருந்தால் அந்த வரிசையையே நம்ப வேண்டாம். மடங்கிய வேருள்ள செடி முதல் இரண்டு வருஷம் நன்றாகவே வளரும். காய்ப்புச் சுமையும் கோடையும் சேர்ந்து வரும்போதுதான் பட்டுப்போகும்.

அடுத்து கழுத்து. மண்மட்டத்தில் தண்டு பழுப்பாகிச் சுருங்கி, நாற்று சாய்ந்தால் அது ரைசோக்டோனியா பூஞ்சை தரும் கழுத்தழுகல். அந்தப் பையையும், ஒட்டி நிற்கும் சாய்ந்த பைகளையும் மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். தண்ணீரைக் குறைத்து, பந்தலைக் கொஞ்சம் விலக்கிக் காற்றோட்டம் கொடுங்கள். தண்டு முற்றும்போது பட்டை கட்டிப் பழுப்பாவது வேறு. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சையாக, சுருக்கமில்லாமல் இருந்தால் நல்ல நாற்றுதான்.

இலை விஷயத்தில் அவசரம் கூடாது. அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. 4.5 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் யூரியா கரைத்து 1 சதுர மீட்டர் அளவுக்கு ஊற்றி, உடனே வெறும் தண்ணீர் தெளித்து இலையைக் கழுவிவிடுங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் புதுத் தளிர் வந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. இதற்குப் பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதோ மண்ணில் சுண்ணாம்பு மிகுவதோ காரணம். முதலில் பையின் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிப் பழுப்பு வளையமுமாகப் புள்ளி வந்தால் அது செர்கோஸ்போரா என்ற பூஞ்சை தரும் இலைப்புள்ளி நோய். வெயில் அதிகம் பட்டு, சத்தும் குறைந்த நாற்றில்தான் அதிகம் வரும். நிழலைக் கூட்டி, 10 லிட்டருக்கு மயில்துத்தம் 50 கிராம், சுட்ட சுண்ணாம்பு 50 கிராம் சேர்த்த போர்டோ கலவை அடியுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு புதிதாக இரண்டு ஜோடி இலை வரும்வரை பொறுங்கள். அவை சரியான அளவிலும் நிறத்திலும் வந்தால் நாற்று தேறியது. வராவிட்டால் ஒரு பையைப் பிரித்து வேரைக் கழுவுங்கள். பக்கவேரே இல்லாமல் ஆணிவேர் கறுத்து இற்றுப்போயிருந்தால், மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவாக இருக்கலாம். அந்த நாற்றை எரித்துவிடுங்கள். அந்த மண்ணை அடுத்த வருஷக் கலவையில் சேர்க்காதீர்கள்.

கழிக்க மனசு வர வேண்டுமென்றால் கையில் உபரி இருக்க வேண்டும். 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 செடி பிடிக்கும். 1,500 பையாவது போடுங்கள்.

தோட்டத்தில் நடும் அன்று பையின் அடியை ஒரு அங்குலம் கத்தியால் அறுத்து எடுங்கள். அடியில் சுருண்ட வேர் அதோடு போய்விடும். அறுத்த இடத்தில் வேர் வெள்ளையாக, நேராகத் தெரிந்தால் குழியில் இறக்குங்கள். அதற்கு மேலேயும் சுருள் இருந்தால் அந்த நாற்றை ஒதுக்கிவிட்டு வேறு பையை எடுங்கள்.