வைட்சேப்பல் கொலைகள்: அறியப்படாத ஒரு பெயரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். ஜாக் த ரிப்பர் என்று அழைக்கப்படும் கொலையாளி யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது சந்தேகம் சுமத்தப்பட்டுள்ள இந்த வழக்கில், பலரும் கவனிக்காத ஒருவரைப் பற்றி ஆராய விரும்புவது நியாயமான ஆர்வமே. ஆனால் அத்தகையவரைப் பற்றிய ஆவணங்கள் மிகக் குறைவாகவே கிடைக்கும் என்பதால், இடைவெளிகளை நம் விருப்பத்தைக் கொண்டு நிரப்பிவிடும் ஆபத்தும் அந்த அளவுக்கு அதிகம்.

அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பதில் ஆய்வைத் தொடங்குவதே முதல் தவறு. அந்த இரவுகளில் அவர் எங்கே இருந்தார் என்பதில்தான் தொடங்க வேண்டும். சந்தேகிக்கப்பட்டோருள் ஒருவரான தாமஸ் நீல் க்ரீம் நஞ்சூட்டிப் பெண்களைக் கொன்றவர், மருத்துவரும்கூட. ஆனால் 1888இல் அவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறையில் இருந்தார். காவல்துறை ஆவணத்திலேயே பெயர் இடம்பெற்ற மைக்கேல் ஆஸ்ட்ராக், அதே காலத்தில் பிரான்சில் காவலில் இருந்தது பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது. ஒரு சிறைப் பதிவேடு பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் வீணாக்கிவிடும். எனவே நீங்கள் தேர்ந்தெடுத்தவரைக் குற்றவாளியாக்கும் சான்றுகளைத் திரட்டும் முன், அவரை விடுவிக்கும் சான்று எங்கேனும் உண்டா என்று சிறை, மருத்துவமனை, ஏழையர் விடுதி, கப்பல் பயணிகள் பட்டியல் ஆகியவற்றில் தேடிவிடுங்கள்.

காவல்துறை அதிகாரி எழுதியது என்பதாலேயே ஒரு குறிப்பை உண்மை என ஏற்பது அடுத்த தவறு. மெல்வில் மக்னாட்டன் 1894 பிப்ரவரியில் எழுதிய புகழ்பெற்ற குறிப்பாணை மூவரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுள் ஒருவரான ட்ரூயிட்டை அதன் ஒரு படி ஏறத்தாழ 41 வயது மருத்துவர் என்கிறது. உண்மையில் அவர் 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். மற்றொருவரான காஸ்மின்ஸ்கி 1889 மார்ச் வாக்கில் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார் என்கிறது அந்தக் குறிப்பாணை. ஆனால் அவராகக் கருதப்படும் ஆரோன் காஸ்மின்ஸ்கி கோல்னி ஹாட்ச் விடுதியில் சேர்ந்தது 1891 பிப்ரவரியில். மக்னாட்டன் பணியில் சேர்ந்ததே 1889இல், அதாவது இந்த ஐந்து கொலைகளும் நடந்து முடிந்த பிறகு. ஒரு கூற்றை எழுதியவர் யார் என்பதோடு, அவர் அதை எப்போது, எவர் வாயிலாக அறிந்தார் என்றும் கேட்க வேண்டும்.

பெயர் மாற்றத்தைக் குற்றத்தின் அடையாளமாகப் படிப்பது என்னை மிகவும் வருத்தும் தவறு. நிக்கோல்ஸின் உடலை பக்ஸ் ரோ தெருவில் முதலில் கண்ட வண்டியோட்டி, மரண விசாரணையில் தம் பெயரைச் சார்லஸ் கிராஸ் என்று கூறினார். பிற பதிவுகளில் அவர் சார்லஸ் லெச்மியர். பொய்ப்பெயர் கொடுத்தார், ஆகவே எதையோ மறைத்தார் என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டுகின்றனர். ஆனால் கிராஸ் என்பது காவலராகப் பணியாற்றிய அவருடைய மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயர்; 1861ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறுவனாகிய அவரும் அதே பெயரில்தான் பதிவாகியுள்ளார். மேலும் அந்த விசாரணையில் அவர் தாம் வேலை செய்த பிக்ஃபோர்ட்ஸ் நிறுவனத்தைச் சரியாகவே குறிப்பிட்டார். டவ்டன் தெரு 22ஆம் எண் என்ற அவருடைய உண்மையான முகவரியையும் ஒரு நாளிதழ் வெளியிட்டது. ஒளிந்துகொள்ள நினைப்பவர் வீட்டையும் வேலையிடத்தையும் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவாரா? அவர் குற்றமற்றவர் என்று இது நிறுவிவிடாது. இரு பெயர் என்ற ஒன்றை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே இங்குச் சொல்லவேண்டியது.

நேரக் கணக்கிலும் இதே அவசரம் காணப்படுகிறது. ஹான்பரி தெரு 29ஆம் எண் வீட்டின் பின்முற்றத்தில் சாப்மனின் உடலைக் காலை 6.30 மணிக்குப் பார்த்த மருத்துவர் பிலிப்ஸ், உயிர் பிரிந்து குறைந்தது இரண்டு மணிநேரமாவது ஆகியிருக்கும் என்றார். ஆனால் குளிரையும் இரத்த இழப்பையும் கருதி அந்தக் கணிப்பில் தளர்வுக்கு இடமும் விட்டார். ஏறத்தாழ 4.45 மணிக்கு அதே முற்றத்தின் படியில் அமர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் எந்த உடலையும் காணவில்லை. 5.30 மணியளவில் சாப்மனைத் தெருவில் உயிருடன் கண்டதாக எலிசபெத் லாங் சாட்சியம் அளித்தார். நம் சந்தேக நபரின் வேலை நேரத்துக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பிழை என ஒதுக்குவது ஆய்வாகாது.

பிற்காலத்தில் வெளிப்படும் பொருள்களையும் இவ்வாறே அணுக வேண்டும். எட்டோஸுடையது எனச் சொல்லப்படும் ஒரு சால்வையின் மரபணுச் சோதனை கொலையாளியைக் காட்டிவிட்டதாக 2014இல் பெரும் செய்தியானது. அரியது என்று அப்போது அறிவிக்கப்பட்ட மரபணு மாற்றம், அதைக் குறித்த எண்ணில் நேர்ந்த பிழையைத் திருத்தினால் பெரும்பாலான ஐரோப்பியரிடம் இருப்பதே எனப் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. அதைவிட அடிப்படையான கேள்வி வேறு. எட்டோஸின் உடைமைகளைக் காவலர்கள் அன்றே பட்டியலிட்டனர். தேயிலையும் சர்க்கரையும் வைத்த தகரப் பெட்டிகள், சோப்புத் துண்டு, சிறு சீப்பு என மிகச் சிறிய பொருள்கள்கூட அதில் உள்ளன. சால்வை அதில் இல்லை.

கொலையாளியின் பெயரில் வந்த கடிதங்களின் கையெழுத்தை ஒப்பிடுவதில் நேரம் செலவிட வேண்டாம். ஜாக் த ரிப்பர் என்ற பெயரைத் தந்த கடிதமே ஒரு பத்திரிகையாளரின் வேலை என்று காவல்துறையினர் சிலர் பின்னாளில் கருதினர். ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கிவிடாமல் இருப்பதற்கு வயது, தொழில், முகவரி ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். போலந்திலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் அங்கே இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிய சாட்சியங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுச் சந்தேக நபரிடம் விரைவது பலரும் உணராத தவறு. அவர்களை எந்தத் தெருவில், எந்த நேரத்தில் ஒருவர் எதிர்கொண்டிருக்க முடியும் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதிகாலை 2.30 மணிக்கு வைட்சேப்பல் சாலையில் நிக்கோல்ஸைச் சந்தித்த அவருடைய தோழி எல்லன் ஹாலண்ட், தம்முடன் விடுதிக்கு வருமாறு அழைத்தார். அன்று படுக்கைக்கான பணத்தை மூன்று முறை சம்பாதித்துச் செலவழித்துவிட்டதாக நிக்கோல்ஸ் சொன்னார். பிறகு தனியாகக் கிழக்கு நோக்கி நடந்தார். ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அவருடைய உடல் பக்ஸ் ரோவில் கிடந்தது. நீங்கள் ஆராயும் மனிதரை வைத்துப் பார்க்க வேண்டியது அந்த நேரத்தில், அந்தச் சாலையில்.