கால்வாய்ப் படகில் குடித்தனம்: இன்ஜின், பேட்டரி, மிக்ஸி என்று நாம் சொதப்பும் இடங்கள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்று ஒரு வகைப் படகு உண்டு. அகலம் 6 அடி 10 அங்குலம், நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் குறுகல், ஆனால் நீளம் 72 அடி வரை போகும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போட்ட கால்வாய்களில், படகை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏறக்குறைய 7 அடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள், அதற்குள் நுழைய வேண்டுமே என்று படகும் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு நிலக்கரி சுமந்த படகில் இன்றைக்கு லண்டன் வாடகைக்குப் பயந்தவர்கள் குடியிருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். லண்டனின் அல்பெர்ட்டன் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் கட்டிப்போட்டால் ஈலிங் ரோட்டுக்கு நடந்தே போய் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், அதுவரைக்கும் எல்லாம் சொர்க்கம். இட்லி அரிசியை அரைக்க சுவிட்சைப் போடும்போதுதான் கதை ஆரம்பிக்கும்.

வீட்டில் சுவிட்சுக்குப் பின்னால் மின்வாரியம் நிற்கிறது. படகில் நீங்கள்தான் மின்வாரியம், நீங்கள்தான் குடிநீர் வாரியம், கேஸ் ஏஜென்சி, துப்புரவுப் பிரிவு எல்லாமே. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்துவிட்டு வீட்டுப் பழக்கத்தை அப்படியே படகுக்குள் தூக்கிக்கொண்டு வருவதால் வருபவை.

கெட்டிலை எடுத்துக்கொள்வோம். இங்கே கடையில் விற்கும் மின்சாரக் கெட்டில் பெரும்பாலும் 3000 வாட். படகின் பேட்டரி 12 வோல்ட். 3000ஐ 12ஆல் வகுத்தால் 250 ஆம்பியர், 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் வீணாவது தனி. கார் ஸ்டார்ட் ஆகும்போது சில நொடி இழுக்கும் மாதிரியான மின்னோட்டத்தை, ஒரு டீக்காக மூன்று நிமிடம் தொடர்ந்து இழுக்கிறோம். 2000 வாட் இன்வெர்ட்டர் என்றால் அது கையைத் தூக்கிவிடும், அதாவது டிரிப் ஆகும், அது நல்லது. பெரிய இன்வெர்ட்டரை வாங்கி பேட்டரியிலிருந்து வரும் கேபிளை மட்டும் பழையபடி மெல்லிசாகவே விட்டால் கேபிள் சூடாகி இன்சுலேஷன் உருகும், மரப் பலகை அடித்த உட்புறத்தில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் அடுப்பில் வைக்கும் விசில் கெட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கிரைண்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பயப்படுவதில்லை. மேசைமேல் வைக்கும் வெட் கிரைண்டர் சுமார் 150 வாட், அரை மணி நேரம் ஓடினாலும் பேட்டரியிலிருந்து 7 ஆம்பியர்-ஹவர் போகும், அவ்வளவுதான். மிக்ஸி 750 வாட் என்றாலும் சட்னிக்கு இரண்டு நிமிடம். ஃபிரிட்ஜ் அப்படியில்லை, இரவு பகல் ஓடுகிறது. வீட்டு 230 வோல்ட் ஃபிரிட்ஜைப் படகில் வைத்தால் அதற்காக இன்வெர்ட்டரும் 24 மணி நேரம் விழித்திருக்க வேண்டும், பெரிய இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே மணிக்கு ஒன்று, இரண்டு ஆம்பியர்-ஹவர் தின்னும். ஆகவே வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், வாட்டை மணியால் பெருக்கிப் பாருங்கள். 12 வோல்ட்டில் நேராக ஓடும் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் விலை அதிகம்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் பார்த்து நான் இரண்டு வருடம் அவஸ்தைப்பட்டேன்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது மலிவாக இருக்கிறதே என்று மாடிஃபைடு சைன் வேவ், அதாவது மின்சாரத்தைச் சீரான அலையாக இல்லாமல் படிப்படியாக வெட்டித் தரும் வகை, எடுக்காதீர்கள். லைட்டும் சார்ஜரும் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் மோட்டார் உள்ள சாதனங்கள் பல, கிரைண்டர், வாஷிங் மெஷின் மாதிரி, உறுமிக்கொண்டே சூடாகும், சில வாஷிங் மெஷின்கள் ஓடவே மறுக்கும். ப்யூர் சைன் வேவ்தான் சரி.

இப்போது பேட்டரி. புதிதாக வந்தவர்கள் அதிகம் பணத்தை இழப்பது இங்கேதான். 110 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி நாலு இருந்தால் 440 இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகத் தேயும், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது 220தான். முழுசாக இருந்தால் சுமார் 12.7 வோல்ட், பாதி என்றால் 12.2 அளவில் காட்டும், அதுவும் சார்ஜையும் சுமையையும் நிறுத்தி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு. இன்ஜினை நிறுத்தியதும் மீட்டரைப் பார்த்தால் 13க்கு மேல் காட்டும், ஆகா நிறைந்துவிட்டது என்று படுக்கப் போவோம், விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும். ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று மாட்டினால் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அதுவே வரவு செலவு எழுதும்.

அடுத்தது, தினமும் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டினால் போதும் என்ற நம்பிக்கை. லெட் ஆசிட் பேட்டரி முதல் 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்துக்குப் பிடிவாதம் பிடித்து மணிக்கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒருநாளும் போகாமலே விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, ஒரு வருடத்தில் நாலு பேட்டரியும் பெயருக்குத்தான் பேட்டரி. வாரத்தில் ஒரு நாளாவது நீண்ட பயணமோ, வெயில் காலத்தில் சோலார் பேனலோ அதை முழுசாக நிரப்ப வேண்டும். இங்கே டிசம்பர் மாதத்தில் சோலாரை நம்புவது, வற்றிய கிணற்றில் வாளி விடுவது மாதிரி. வெயில் ஏழெட்டு மணி நேரம்தான், அதுவும் மேகத்துக்குப் பின்னால்.

சரி, அப்படியானால் இன்ஜினை நாளெல்லாம் மெதுவாக ஓடவிடலாமா? அதுவும் தவறு. டீசல் இன்ஜினுக்குச் சுமை வேண்டும், சுமையே இல்லாமல் ஐடிலில் மணிக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போய் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் அந்த வேகத்தில் முழுசாகக் கொடுக்காது. 1200 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஓட்டுங்கள், நியூட்ரலில். பக்கத்தில் ஆட்கள் இருக்கும் இடத்தில் கட்டிய படகில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை சார்ஜுக்காக இன்ஜின் ஓட்டக்கூடாது என்பது, கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் விதி. வேலை முடிந்து எட்டரைக்கு வந்து இன்ஜினைப் போட்டால் பக்கத்துப் படகுக்காரர் ஜன்னலைத் தட்டுவார், அவர் மேல் தப்பில்லை. அதே இன்ஜின் சூட்டில் கலோரிஃபையர் தொட்டியில் வெந்நீரும் தயாராகிறது, சாயங்காலம் ஓட்டினால் மறுநாள் காலைக் குளியலுக்கும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்.

வாஷிங் மெஷினில் மோட்டாரைவிட உள்ளே இருக்கும் ஹீட்டர்தான் வில்லன், 2000 வாட் பக்கம். ஆல்டர்னேட்டர் 70, 90 ஆம்பியர் கொடுக்கும், ஹீட்டர் 170க்கு மேல் கேட்கும், ஆகவே இன்ஜின் ஓடினாலும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். குளிர்ந்த நீரில் துவையுங்கள், படகு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் போடுங்கள். பழைய ட்வின் டப் மெஷினைப் படகுக்காரர்கள் தேடித் தேடி வாங்குவது இதனால்தான், கலோரிஃபையர் வெந்நீரை அதில் வாளியால் ஊற்றிவிடலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் காசு செலவழிக்கும் விஷயம்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சைத் திருகாதீர்கள். போக இடமில்லாத மின்சாரம் வோல்ட்டேஜை எகிறவைத்து ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொன்றுவிடும். லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்களும் கவனிக்க: அது கிடைப்பதையெல்லாம் விழுங்கும், சாதாரண ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கொடுத்துக் கொடுத்துச் சூடேறி எரிந்துபோகும், நடுவில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். உறைநிலைக்குக் கீழே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

இன்ஜின் அறைக்கு வருவோம். காரில் பானெட்டைத் திறக்காமலே வருடத்தை ஓட்டியவர்கள்தான் நாம் எல்லோரும். படகில் ஓட்டம் கிலோமீட்டரில் இல்லை, மணியில். பல இன்ஜின்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள், சார்ஜுக்காக ஓட்டும் மணியும் இதில் சேர்த்தி, குளிர்காலத்தில் தினமும் மூணு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு மூணு மாதத்திலேயே அது வந்துவிடும். புரொப்பல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் இருக்கிறது, ஓடும்போது அங்கே கொஞ்சம் சொட்டுவது இயல்பு. சொட்டுகிறதே என்று பயந்து நட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினால் தண்டு தேய்ந்து கோடு விழும், அப்புறம் நிரந்தரமாகச் சொட்டும். நாள் முடிவில் அதற்குள் கிரீஸ் தள்ளும் கிரீஸரை ஒரு சுற்றுத் திருகிவிட்டு, சொட்டு நின்றதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

புரொப்பல்லரில் எதுவும் சுற்றிக்கொண்டால் மேலிருந்து கையை விட்டு எடுக்க வீட் ஹேட்ச் என்று ஒரு மூடி உண்டு. எனக்கு ஒருமுறை ஒரு முழு நைலான் புடவை வந்தது, முந்தானை வரை, அறுத்து எடுக்க ஒன்றரை மணி நேரம். கை விடும் முன் இன்ஜினை நிறுத்தி சாவியையே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் மூடியைத் திரும்பச் சரியாக மாட்டுவது. அரைகுறையாக வைத்துவிட்டு இன்ஜினைப் போட்டால் புரொப்பல்லர் தண்ணீரை உள்ளே அள்ளி இறைக்கும், அப்படி மூழ்கிய படகுகள் உண்டு.

டீசல் டேங்கைக் குளிர்காலத்தில் காலியாக விடுவதும் பழக்க தோஷம்தான். காலி இடத்து ஈரம் குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேரும், அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாகப் பிசுபிசுத்து ஃபில்டரை அடைக்கும், சரியாக நீங்கள் லாக்குக்குள் பாதி நுழைந்திருக்கும்போது. இலையுதிர் காலத்திலேயே நிரப்பிவையுங்கள்.

கேஸ் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்தவர் திருத்திக்கொள்ள இருக்கமாட்டார். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், படகோ ஒரு இரும்புக் கிண்ணம், கசிந்தது அடியில் பில்ஜில் போய்த் தேங்கும், வெளியேற வழியில்லை. சிலிண்டரை உள்ளே அலமாரியில் வைக்காதீர்கள், வெளியே திறக்கும் துளையோடு அதற்கென்று தனி லாக்கர் இருக்கும், அங்கேதான் அதன் இடம். பியூட்டேன், புரொப்பேன் வித்தியாசம் நம் ஊரில் யாரும் யோசித்ததில்லை. பியூட்டேன் 0 டிகிரி பக்கம் வந்தாலே ஆவியாக மறுக்கும், ஜனவரி காலையில் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் காபி கிடையாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை வேலை செய்யும், அதை வாங்குங்கள்.

கார்பன் மோனாக்சைடு அதைவிட மோசம், வாசனையே கிடையாது. குளிருக்காக நிலக்கரி அடுப்பு எரியும், குளிர்காற்று வருகிறதே என்று கதவுக்குக் கீழே உள்ள காற்றுத் துளையில் துணியைத் திணிப்பார்கள், அடுப்புக் கதவின் கயிறு சீல் தேய்ந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் தூக்கத்திலேயே முடிந்துவிடும். பெட்ரோல் ஜெனரேட்டரைப் பின்தளத்தில் வைத்து ஓட்டுவதும், அணைந்தது போலத் தெரியும் பார்பெக்யூவை மழைக்கு உள்ளே எடுத்து வைப்பதும் இதே கணக்கில் வரும். 2019 ஏப்ரலிலிருந்து போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஒன்று போதாது, படுக்கும் பக்கமும் ஒன்று மாட்டுங்கள்.

காற்றுத் துளையை அடைக்காமல் இருக்க இன்னொரு காரணம் நம் குக்கர். ஆறு விசில் விட்டால் அந்த ஆவி முழுக்கக் குளிர்ந்த இரும்பிலும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலிலும் பட்டு நீராக வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சை பூக்கும். சமைக்கும்போது கூரைச் சாளரத்தைத் திறந்துவைத்துக் குளிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

மரீனா என்ற படகுத் துறையில் கரை மின்சாரம் போட்டதும் கஷ்டம் முடிந்தது என்று நினைப்போம். அந்தக் கேபிளின் எர்த் ஒயர் உங்கள் படகையும் பக்கத்துப் படகுகளையும் மின்சாரத்தால் இணைக்கிறது, நடுவில் தண்ணீர், ஆக எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி. அதில் கரைவது, படகின் இரும்புக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே அடியில் மாட்டிய உங்கள் மெக்னீசியம் ஆனோடு, அது தீர்ந்தால் படகின் இரும்பே. கால்வானிக் ஐசோலேட்டர் ஒன்று போட்டால் இது நிற்கும். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை படகைத் தூக்கி அடியில் கறுப்புப் பூச்சு அடிக்கும்போது ஆனோடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

டாய்லெட் கேசட், அதாவது கழிவு சேரும் கழற்றக்கூடிய பெட்டி, இரண்டு பேருக்கு மூன்று நாளில் நிறையும், காலி செய்யும் இடம் எங்கே என்று நிறைவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறைபனி நாட்களில் படகை விட்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் தண்ணீர் பம்ப்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டு, கலோரிஃபையரையும் காலி செய்துவிட்டுப் போக வேண்டும், ஷவர் குழாயைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம், அதன் மிக்ஸருக்குள் நிற்கும் இரண்டு வாய் தண்ணீர்தான் முதலில் உறைந்து பித்தளையைப் பிளக்கும்.