குடும்பத்தோடு கூடாரமிடச் செல்வோர் பொருட்களைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்தோடு முதன்முறையாகக் கூடாரமிட வருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். அவர்கள் காரிலிருந்து இறக்கும் பொருட்களைப் பார்க்கும்போது, தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் மீண்டும் நடப்பதைக் காண்கிறேன். தீப்பெட்டியை மறப்பது, கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை மறந்தவர் மறுமுறை மறக்கமாட்டார். யோசித்து, விசாரித்து, பணம் செலவழித்து வாங்கிய பிறகும் நேரும் தவறுகளே என் கவலை. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் மிக விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் யாரோ ஒரு குழந்தை அதனால் இரவெல்லாம் நடுங்குகிறது.

கூடாரத்தின் உறையிலுள்ள எண்ணை அப்படியே நம்புவது

"நால்வருக்கானது" என்று உறையில் அச்சிட்டிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்பதே அதன் பொருள். ஆளுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் என்ற கணக்கில்தான் அந்த எண் வருகிறது. பைகளுக்கும், நனைந்த காலணிகளுக்கும், தூக்கத்தில் உருண்டு புரளும் குழந்தைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆறு பேருக்கான கூடாரமே பொருத்தமான அளவு. இதைக் கேட்டுவிட்டுப் பத்துப் பேருக்கானதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய துணி காற்றில் கப்பல் பாயைப் போல உப்பிக்கொள்ளும். இருவர் மட்டும் நின்று அதை இழுத்துக் கட்டுவது கடினம். ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் அது அடங்காமலும் போகலாம்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கூடாரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால், துணி ஒழுகுகிறது என்று பலர் முடிவுகட்டி, அடுத்த முறை இன்னும் தடித்த, இன்னும் அடைப்பான கூடாரத்தை வாங்குகிறார்கள். அந்த ஈரம் பெரும்பாலும் உள்ளே உறங்கியவர்களின் மூச்சுக்காற்றிலிருந்து வந்ததாகவே இருக்கும். நான்கு பேர் இரவு முழுவதும் வெளிவிடும் நீராவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. மேலே காற்றுவழிகள் உள்ள, உள்துணியும் வெளித்துணியும் தனித்தனியாக அமைந்த கூடாரத்தைத் தேர்ந்தெடுத்து, குளிராக இருந்தாலும் அந்த வழிகளைத் திறந்து வைப்பதே இதற்குத் தீர்வு.

உறக்கப்பைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, அடியில் விரிப்பதை மறப்பது

என்னை இன்றளவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிகழ்வது எப்போதும் ஒரே விதமாகத்தான். பெற்றோர் நல்ல உறக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) வாங்குகிறார்கள். அடியில் விரிக்க, வீட்டில் விருந்தினருக்காக வைத்திருக்கும் பெரிய காற்றுமெத்தையைக் கொண்டுவருகிறார்கள், அல்லது ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு குழந்தை குளிர்கிறது என்று அழுகிறது. விடியும்வரை குடும்பம் காருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. வீடு திரும்பியதும், பை போதவில்லை என்று கருதி, இரு மடங்கு விலையில் இன்னும் கனமான பையை வாங்குகிறார்கள். அடுத்த பயணத்திலும் அதே குளிர்.

ஒரு முறை எங்களுக்கு அருகில் கூடாரமிட்டிருந்த குடும்பம் இப்படித்தான் அல்லாடியது. நால்வரிடமும் உறைநிலைக்குக் கீழும் தாங்கும் என்று குறிக்கப்பட்ட பைகள் இருந்தன. வெளியிலோ கடும் குளிர் ஒன்றும் இல்லை. விற்பனையாளரிடம் ஏற்கெனவே முறையிட்டிருக்கிறார்கள். அவரும் அதைவிடத் தடித்த பையையே விற்று அனுப்பியிருக்கிறார். எந்த இடத்தில் குளிர்கிறது என்று கேட்டேன். முதுகிலும் இடுப்பிலும் என்றார்கள். அந்த ஒரு பதிலிலேயே காரணம் தெரிந்துவிட்டது. எங்களிடம் கூடுதலாக இருந்த மடிப்பு நுரைப்பாய்களைக் காற்றுமெத்தையின் மேல், அவர்களின் பைகளுக்கு அடியில் விரித்துக் கொடுத்தோம். அன்றிரவு அந்தக் கூடாரத்திலிருந்து சத்தமே எழவில்லை.

காரணம் எளியது. பை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றின் துணையோடு நம் உடலின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. நாம் அதன்மேல் படுத்தவுடன், நம் எடையால் அடிப்பக்கத்து இழைகள் நசுங்கித் தட்டையாகின்றன. சிறைப்பட்ட காற்று அங்கே இல்லாமல் போவதால், எவ்வளவு விலை கொடுத்த பையாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அது கிட்டத்தட்ட வெறும் துணிதான். அந்தத் துணிக்குக் கீழே, எவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் நிலம் இருக்கிறது.

தடித்த காற்றுமெத்தை இதற்கு உதவாது என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறதே என்று வாதிடுகிறார்கள். அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கும். வெற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று தாராளமாகச் சுழல்கிறது. குழந்தை ஒரு முறை புரண்டாலே உள்ளிருக்கும் காற்று முழுவதும் கலங்கி, மேலிருக்கும் வெப்பத்தை அடியில் உள்ள குளிர்ந்த பக்கத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. உயரம் எலும்புக்குச் சுகம் தரும், வெப்பத்தைக் காக்காது.

படுக்கைப் பாய்களின் வெப்பத் தடுப்பு 'ஆர் மதிப்பு' என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் முறையில் அளந்து வந்தார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனைமுறை வந்த பிறகு அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. வெப்பமான இரவுகளுக்கு 1 முதல் 2 வரை போதும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 3 முதல் 4 வரை வேண்டும். தரை உறையும் காலத்தில் 5-க்கு மேல் வேண்டும். மடிப்பு நுரைப்பாய் ஒன்று ஏறக்குறைய 2 தரும். ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் இந்த மதிப்புகள் கூடிக்கொண்டே போகும் என்பது குடும்பங்களுக்குப் பெரிய வசதி: இருக்கும் பாயைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அதன்மேல் இன்னொன்றை விரித்தால் போதும்.

கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பெரியவர்களுக்கான பல உறக்கப்பைகளின் மேல் அச்சிடப்படும் வெப்பநிலைகள் ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி அளக்கப்படுபவை. அந்தச் சோதனையில் வெப்பமூட்டப்பட்ட மனித உருவப் பொம்மையைப் பைக்குள் வைக்கிறார்கள். அந்தப் பை வெப்பம் தடுக்கும் பாயின் மேல்தான் கிடத்தப்படுகிறது. ஆகவே, பாயை விட்டுவிட்டுப் பையை மட்டும் வாங்குபவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. போதாக்குறைக்கு, சௌகரியமாக உறங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை ஒன்று, உயிர் பிழைப்பதற்கான கடைசி எல்லை ஒன்று என மூன்று எண்கள் இருக்க, பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பல நேரங்களில் முதலாவது எண் அல்ல. குழந்தைகளுக்கான பைகள் இந்தத் தரத்துக்குள் வருவதே இல்லை. குழந்தைப் பையில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தயாரிப்பாளரின் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதைவிடச் சில பாகை கூடுதலான பாதுகாப்பு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கான பையில் சிறு குழந்தையைப் படுக்கவைப்பதும் தவறு. காலடியில் இருக்கும் வெற்றிடம் முழுவதையும் அந்தச் சிறிய உடலே சூடாக்க வேண்டியிருக்கும்.

எனவே வாங்கும் வரிசையை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் பாய், பிறகு பை. குழந்தைகள் பாயிலிருந்து உருண்டு இறங்கிவிடுவார்கள் என்பதால், அவர்கள் படுக்கும் பகுதி முழுவதையும் நுரைப்பாயால் நிரப்பிவிட்டு, அதன்மேல் அவரவர் பாயை விரிப்பது நல்லது. வழியில்லாமல் மாட்டிக்கொண்டால், கைவசம் இருக்கும் போர்வையை மேலே போர்த்தாமல் அடியில் மடித்துப் போடுங்கள். அட்டைப்பெட்டி, உலர்ந்த துணிகள், காலிசெய்த முதுகுப்பை எல்லாமே அடியில் உதவும். முதுகு குளிர்ந்தால் குறை தரையில் இருக்கிறது. மார்பும் தோளின் மேற்புறமும் குளிர்ந்தால்தான் பையைச் சந்தேகிக்க வேண்டும்.

தரைவிரிப்பைக் கூடாரத்தைவிடப் பெரிதாக வாங்குவது

கூடாரத்துக்கு அடியில் தரையில் விரிக்கும் துணியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மழைநீரைப் பிடித்துக் கூடாரத்தின் அடியில் கொண்டுசேர்க்கும். எல்லாப் பக்கமும் கூடாரத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும்.

இரவுக்குப் பருத்தி உடை

வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். கம்பளியோ செயற்கை இழையோ கொண்டுவாருங்கள்.

ஒரே ஒரு பெரிய விளக்கு

ஆளுக்கொரு தலைவிளக்கு. குழந்தைக்கும் தனியாக ஒன்று.

அடுப்பையும் கேஸையும் பொருத்தம் பார்க்காமல் வாங்குவது

வெறும் பியூட்டேன் நிரப்பிய குப்பி மலிவாகக் கிடைக்கும். பியூட்டேனின் கொதிநிலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு அரை பாகை செல்சியஸ் கீழே. அதனால் குளிர்ந்த காலையில் குப்பிக்குள் திரவம் நிறைய இருந்தும் சுடர் எழும்பாது. எரிய எரியக் குப்பியும் குளிர்ந்துகொண்டே போவதால், 5 பாகையிலேயே தீ சோர்ந்துவிடும். ஐசோபியூட்டேன் சுமார் -12 பாகையிலும், புரோப்பேன் -42 பாகையிலும் ஆவியாகின்றன. இவை கலந்த குப்பிகளே குளிர்காலத்துக்கு ஏற்றவை. தான் வாங்கும் அடுப்பு எந்த வகைக் குப்பியை ஏற்கும் என்பதைக் கடையிலேயே பொருத்திப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்குச் சமைப்பவர்கள் பெரிய பாத்திரமாக எடுத்து வருவார்கள். குப்பி பக்கவாட்டில் உள்ளேயே அமரும் தட்டை அடுப்பில், பாத்திரமோ தோசைக்கல்லோ குப்பி இருக்கும் பகுதியின் மேல் நீண்டிருந்தால், அதன் வெப்பம் கீழே திரும்பிக் குப்பியைச் சூடாக்கும். குப்பி வெடிக்கும் அளவுக்குக்கூடப் போகும். அடுப்பைச் சுற்றிலும் காற்றுத்தடுப்பை நெருக்கி வைப்பதிலும், இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய கல்லைப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. பாத்திரத்தின் அளவை அடுப்புதான் தீர்மானிக்க வேண்டும்.

கூடாரத்துக்குள் நெருப்பு

கூடாது. மழையானாலும் கூடாது. அணைந்துபோனதாகத் தோன்றும் கரிக்கங்கும்கூடக் கார்பன் மோனாக்சைடை வெளியிடும்; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வாசலைத் திறந்து வைப்பது பாதுகாப்பாகாது.

பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவருவது

புதிய கூடாரத்தை முதன்முறையாக இருட்டில், பசித்த குழந்தைகளின் நடுவே விரிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் திறந்த வெளியில் ஒருமுறை முழுமையாக நிறுத்திப் பாருங்கள். கம்புகள் எல்லாம் இருக்கின்றனவா, கயிறுகள் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும். குழாய் நீரை மேலே தெளித்துத் தையல்களையும் சோதிக்கலாம். முளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மென்மையான புல்தரைக்கு மட்டுமே தாங்கும். கல் நிறைந்த தரையில் வளைந்துபோகும்; மணலில் பிடிப்பே இருக்காது. போகும் இடத்தின் மண் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, கடினமான தரைக்கு உறுதியான எஃகு முளைகளும், மணலுக்கு அகலமான நீண்ட முளைகளும், அடிப்பதற்கு ஒரு சுத்தியலும், வளைந்தவற்றுக்கு மாற்றாகச் சில உபரி முளைகளும் எடுத்துவையுங்கள்.